வேஷத்தக்கா

செந்தேரிவிளையில் ஆம்பிளைகள் சேலை கட்டுவது அதிசயமில்லை, மணிக்கட்டில் காப்புக் கயிறு இருந்தால். புரட்டாசியில் தசராவுக்குக் கொடியேறிவிட்டால் போதும், லாரி ஓட்டுகிறவன் குறத்தியாவான், பனையேறுகிறவன் ராணியாவான், பஞ்சாயத்தில் தண்ணீர் திறந்துவிடுகிறவன் காளியாகி, பெரிய கிரீடத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு கழுத்துச் சுளுக்கோடு தெருத்தெருவாகப் போவான். வீட்டுப் பெண்களே அவர்களுக்கு ஊக்கு தேடிக் கொடுப்பார்கள், மாமனாரே காலில் விழுந்து விபூதி வாங்குவார். எல்லாம் அம்மனுக்கு நேர்ந்த வேஷம். மேலுக்கு முடியாமல் கிடந்து, அம்மனிடம் முறையிட்டு, குணமானால் இன்ன வேஷம் கட்டி வருகிறேன் தாயே என்று சொல்லி, குணமாகி, கட்டுகிறார்கள். பத்தாம் நாள் கடற்கரையில் சூரன் விழுவான், மறுநாள் மத்தியானம் பூசாரி காப்பை அறுப்பார். அறுத்த அந்த நொடியிலிருந்து வேஷக்காரன் வெறுமனே சேலை கட்டிய ஆம்பிளை ஆகிவிடுவான் என்பதால் அத்தனை பேரும் ஓலை மறைப்புக்குப் பின்னால் ஓடி, தீப்பிடித்தவர்களைப் போல அவிழ்ப்பார்கள்.

மோட்டார் காயில் கட்டுகிற தவசிக்கனிக்கு மட்டும் அந்த அவசரம் வராது. அவன் ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஜாக்கெட்டிலேயே வரிசையாகக் குத்திவைப்பான், கொசுவத்தை எடுப்பதற்குள் அடுத்த பஸ் வந்துவிடும், கடைசி ஆளாக ஊர் திரும்பும் வேனில் ஏறுகிறபோது அவன் முகம் மாமியார் வீட்டிலிருந்து சண்டை போட்டுத் திரும்பும் மருமகன் முகம்போல் இருக்கும்.

அவன் முதல்முறை சேலை கட்டியது இருபத்தேழு வயதில். கல்யாணமான ஆறாம் மாதம் பெண்டாட்டி செல்வலதாவுக்கு டைபாய்டு வந்து இருபது நாள் எழுந்திருக்கவில்லை. அவன் நிஜமாகவே அழுது, நிஜமாகவே நேர்ந்துகொண்டான். அவள் எழுந்தாள், இவன் கட்டினான். கட்டிவிட்டு, வேன் கண்ணாடியில் ஒருமுறை பார்த்தான். இருபத்தேழு வருஷமாக எவனுடைய சட்டையையோ இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு திரிந்ததாகவும் அன்றைக்குத்தான் தன் துணி தனக்கு வந்து சேர்ந்ததாகவும் அவனுக்கு இருந்தது. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? அம்மனுக்கு நேர்ந்தேன் என்று சொன்னால் ஊர் கும்பிடும், எனக்கு இதுதான் சந்தோஷம் என்று சொன்னால் ஊர் சிரிக்கும்.

சிக்கல் அடுத்த வருஷம் வந்தது. நேர்த்தி ஒரு வருஷத்துக்குத்தான். மறுபடி கட்ட மறுபடி நோய் வேண்டும். தனக்கே ஒரு நோயை வைத்துக்கொள்ளலாம், ஆனால் சீக்காளி கட்டிய மோட்டார் கிணற்றில் நிற்குமா என்று யோசிக்கிற ஊர் அது, தொழில் படுத்துவிடும். ஆகவே செல்வலதாவுக்கு ஒற்றைத் தலைவலி வந்தது. அதற்கடுத்த வருஷம் பித்தப்பையில் கல் வந்தது. பிறகு முட்டி வீக்கம், பிறகு மூச்சிரைப்பு, பிறகு பேர் தெரியாத ஒரு கிறுகிறுப்பு. தனக்கு என்ன நோய் என்பதை அவள் பக்கத்து வீட்டுக்காரிகள் பிரெட்டும் சாத்துக்குடியுமாகப் பார்க்க வரும்போதுதான் தெரிந்துகொள்வாள். கேஸ் சிலிண்டரை ஒற்றை ஆளாகத் தூக்கி அடுப்படியில் வைக்கிறவள் அவள். சிலிண்டரை வைத்துவிட்டு வந்து, பார்க்க வந்தவர்களுக்காகக் கொஞ்சம் இருமுவாள். இல்லாத நோயைக் குணமாக்குவது அம்மனுக்கும் எளிதாக இருந்திருக்க வேண்டும், ஒரு வருஷம்கூடத் தவறவில்லை, அந்த வட்டாரத்தில் அம்மன் கைராசிக்குச் செல்வலதாவைத்தான் சாட்சியாகக் காட்டினார்கள்.

அவன் வேஷமும் வருஷத்துக்கு வருஷம் இறங்கிக்கொண்டே வந்தது. முதலில் ஜரிகையும் கிரீடமுமாக ராணி. பிறகு குறத்தி. பிறகு குறத்தியின் பாசியையும் கூடையையும் விட்டான். கடைசியில் ஊதாப்பூப் போட்ட ஒரு வாயில் சேலை, கொண்டையில் முழம் கனகாம்பரம், தோளில் ஒரு தோல்பை, அவ்வளவுதான். தசராக் குழுத் தலைவர் லிங்கத்துரை அண்ணாச்சிக்கு அது பொறுக்கவே இல்லை.

"ஏல தவசி, இது என்னல வேஷம்? பஸ்ஸுக்கு நிக்கிற பொம்பள மாதிரில்லா இருக்கு?"

"அதேதான் அண்ணாச்சி வேஷம்," என்றான் அவன்.

பதினாலாவது வருஷம் நோய் தீர்ந்துபோயிற்று. செல்வலதாவின் உடம்பில் தலையிலிருந்து உள்ளங்கால்வரை அவன் கைவைக்காத உறுப்பு இருதயம் ஒன்றுதான் பாக்கி, அதைத் தொட அவனுக்குப் பயமாக இருந்தது. காப்புக் கட்டும் வரிசையில் நின்றபோது அவன் அம்மனைப் பார்த்து வாய்க்குள், "ஒண்ணும் இல்ல தாயே. எல்லாரும் சொகமாத்தான் இருக்கோம். எனக்குப் புடிச்சிருக்கு, அதான் வந்தேன்" என்றான். பின்னால் நின்ற கூட்டம் தள்ளியது, பூசாரி கட்டிவிட்டார்.

அந்த வருஷம் காப்பு அறுத்த மத்தியானம், மறைப்புக்குப் பின்னால் தவசிக்கனி கொண்டையைக் கழற்றி ஆணியில் மாட்டப் போனான். கொண்டை கூட வரவில்லை, தலை இருந்த உயரத்திலேயே காற்றில் நின்றது. வளையலை உருவினான், வளையல் மணிக்கட்டு இருந்த இடத்திலேயே தொங்கியது. குனிந்து, நெளிந்து, கூட்டிலிருந்து நத்தை வருவதுபோல அவன் மொத்தமாக வெளியே வந்து வேட்டியைத் தேடியபோது, அவனுக்கு முன்னால் ஊதாப்பூச் சேலை ஆளில்லாமல் நின்றுகொண்டிருந்தது, ஜாக்கெட் நிறைந்து, கொசுவம் கலையாமல், தோளில்லாத தோளில் பையோடு. கொண்டைக்கும் ஜாக்கெட்டுக்கும் நடுவில் கடல் தெரிந்தது.

லிங்கத்துரை எட்டிப் பார்த்தார். சேலையை ஒருமுறை, தவசிக்கனியை ஒருமுறை பார்த்தார்.

"வேன்ல பொம்பளையாளுவ ஒக்கார இடம் இல்லையே," என்றார். "சரி, முன் சீட்டுல ஏறச் சொல்லு."

ஊரில் இறங்கியபோது செல்வலதா வாசலில் நின்றாள். புருஷனையும் அவன் பின்னால் கூச்சமாக ஒதுங்கி நின்ற சேலையையும் பார்த்துவிட்டு அவள் கேட்டது ஒன்றுதான்: "சாப்பிடுவாவளா?"

சாப்பிட மாட்டாள் என்று தெரிந்ததும் அவளுக்குப் பாதி கவலை தீர்ந்தது. மறுநாள் காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டிருந்ததைப் பார்த்ததும் மீதியும் தீர்ந்தது. வந்தவள் கீரை ஆய்ந்தாள், பாத்திரம் தேய்த்தாள், துவைக்கிற அன்று தன்னைத்தானே அலசிக்கொண்டு கொடியில் ஏறி நின்று காய்ந்தாள். ஒரு வாரத்தில் ஊர் அவளுக்கு வேஷத்தக்கா என்று பேர் வைத்தது, ஒரு மாதத்தில் வேஷத்தக்கா இல்லாமல் அந்தத் தெருவில் ஒரு காரியம் நடக்காது என்றாயிற்று.

பதினோரு பேரோடு நொண்டிக்கொண்டிருந்த மகளிர் சுய உதவிக் குழு, பன்னிரண்டாவது ஆளாக அவளைச் சேர்த்தது. கூட்டத்தில் அவள் எதிர்த்துப் பேசாததால் தீர்மானங்கள் எல்லாம் ஒருமனதாக நிறைவேறின. அவளுக்குப் புருஷன் இல்லை, இல்லாத புருஷன் சாகவும் வழியில்லை, எனவே நித்திய சுமங்கலி என்று கல்யாண வீடுகளில் ஆரத்தித் தட்டை அவள் கையில், அதாவது வளையலுக்குக் கீழே, கொடுத்தார்கள். வாக்காளர் பட்டியலுக்குப் படம் எடுக்க வந்த ஆபீசர் சற்றே தயங்கினார், புத்தகத்தைப் புரட்டினார், முகத்தை மறைக்கக் கூடாது என்பதுதான் விதி, இந்த அம்மா எதையும் மறைக்கவில்லையே என்று எடுத்துக்கொண்டு போனார். டீக்கடையில் உட்கார்ந்து போகிற வருகிற பெண்களை எல்லாம் அளக்கிற கூட்டம் அவள் போகும்போது மட்டும் கால்மேல் போட்ட காலை இறக்கியது.

"பொம்பளன்னா அப்படி இருக்கணும்வே," என்றார் லிங்கத்துரை. "என்னைக்காவது தலை நிமிந்து ஒரு ஆம்பளயப் பாத்திருப்பாவளா?"

அதே டீக்கடையில், அதே வாய்கள்தான், முன்பெல்லாம் தவசிக்கனி தசரா முடிந்த மறுவாரம் கொஞ்சம் ஒசிந்து நடந்தால், "ஏல, காப்பு அறுத்தாச்சு, ஞாபகம் இருக்கா?" என்று கேட்கும். இப்போது அப்படிக் கேட்க அவசியமில்லாமல் போயிற்று. அந்த நடையை அவள் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நடை மட்டுமா போயிற்று? அவன் விரல்களில் இருந்த ஏதோ ஒன்றும் போயிற்று. செம்புக் கம்பியைச் சுற்றும்போது பழைய நாளில் வாய் பாட்டு முனகும், கை தானாகச் சுற்றை எண்ணும். இப்போது நாற்பதைத் தாண்டினால் எண்ணிக்கை தப்பியது, அவன் கட்டிய மோட்டார்கள் ஒரு வாரத்தில் கருகிய வாடையோடு திரும்பி வந்தன. சேலையில் பதினோரு நாள் வாழ்ந்ததை வைத்துத்தான் மீதி வருஷத்தை ஓட்டியிருக்கிறோம் என்று அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. வேஷத்தக்கா கடைத்தெருவில் ஆரவாரமாகக் கும்பிடு வாங்கிக்கொண்டு போவதைப் பட்டறையிலிருந்து பார்ப்பான். தன்னையே பார்த்துத் தானே பொறாமைப்பட்டவன் அந்த ஜில்லாவில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டான்.

ஆடியில் குழுக் கூட்டம் போட்டு வருகிற தசராவுக்கு வேஷம் எழுதினார்கள். தவசிக்கனி எழுந்து தன் பேரையும் எழுதச் சொன்னான்.

"ஒனக்கு எதுக்குல?" என்றார் லிங்கத்துரை. "ஒன் வேஷம்தான் தனியா நடந்து வருதே. நீ கொட்டு அடி."

"நான் கட்டணும் அண்ணாச்சி."

"ஒரு வேஷத்துக்கு ரெண்டு ஆளா? நல்லதுக்குச் சொல்லுதேன், கோவிச்சுக்காத. நீ கட்டும்போது முழங்கை ரோமம் தெரியும், கீச்சுக் கொரல்ல பேசுவே, சின்னப் பயலுவ சிரிப்பானுவ. அக்காட்ட அந்தத் தொந்தரவு ஒண்ணும் இல்ல பாரு. நீ இல்லாமதான் அந்த வேஷம் நல்லா இருக்கு."

யாரும் கேலியாகச் சொல்லவில்லை, அதுதான் அவனைக் கொன்றது. எல்லோரும் உண்மையான அக்கறையோடு தலையாட்டினார்கள். இனி எந்தப் புரட்டாசியிலும் தனக்கு இடமில்லை என்று அவனுக்குத் தெரிந்துபோயிற்று. நாற்பத்தொரு வயது ஆகிறது, இன்னும் முப்பது வருஷம் இருந்தாலும் சட்டையோடுதான் இருக்க வேண்டும், சட்டையோடுதான் எரிப்பார்கள்.

ஆவணி மாதம் ஒரு திங்கள்கிழமை காலை, செல்வலதா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். வேஷத்தக்கா அடுப்படியில் உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். தவசிக்கனி பட்டறையிலிருந்து வார்னிஷ் கையோடு வந்து அவள் முன்னால் நின்றான்.

"என்னைய உள்ள விடு," என்றான்.

முறம் நின்றது.

"ஒன்னைய நான் வேண்டாம்னு சொல்லல. ஊருக்கு ஒன்னையத்தான் புடிச்சிருக்கு, வாஸ்தவம். ஆனா நீ சும்மா நிக்கே, நான் செத்துக்கிட்டு இருக்கேன். கையெடுத்துக் கும்பிடுதேன், உள்ள விடு."

அவள் முறத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள். பிறகு ஜாக்கெட்டின் கொக்கிகள் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகக் கழன்றன.

உள்ளே போனதும் அவனுக்கு முதலில் கிடைத்தது அவன் நடை. அடுத்து கிடைத்தது அவன் எதிர்பாராதது. பத்து மாதமாக ஊர் அவளிடம் கொட்டிய பேச்செல்லாம் அந்தச் சேலையில் மடிப்பு மடிப்பாக இருந்தது. வாயில்லாதவளிடம் சொன்னால் வெளியே போகாது என்று மாமியார்களும் மருமகள்களும் தனித்தனியாக வந்து சொல்லிவிட்டுப் போனவை. எல்லாவற்றுக்கும் அடியில், உடம்போடு ஒட்டுகிற மடிப்பில், செல்வலதாவின் குரல் இருந்தது. கீரை ஆய்ந்துகொண்டே சொன்னது.

"சேல கட்டுறது எனக்கு ஒண்ணும் இல்லக்கா. அவ்வளவு அழகா இருப்பாவ, பாத்துக்கிட்டே இருக்கலாம்னு இருக்கும். ஆனா பதிமூணு வருசமா எனக்கு இல்லாத சீக்கெல்லாம் எனக்கு வந்துச்சு. எங்க அண்ணன் மவ சடங்குக்குக்கூட என்னைய வேல செய்ய விடல, நீ ஓரமா ஒக்காரு, சீக்காளின்னுட்டாவ. புடிச்சிருக்குட்டின்னு ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா? நான் என்ன சொல்லப்போறேன்? பவுடர் டப்பாவ எடுத்துக் குடுத்திருப்பேன்."

தவசிக்கனி அடுப்படியிலேயே கொஞ்ச நேரம் நின்று அழுதான். மீசையை எடுக்கவில்லை, முகத்துக்கு ஒன்றும் பூசவில்லை, கையில் காப்பு இல்லை. அப்படியே ரேஷன் கடைக்கு நடந்தான்.

அரிசியும் பருப்பும் ஒரே நாளில் போட்டதால் ஊரே அங்கே நின்றது. ஊதாப்பூச் சேலையைத் தூரத்தில் பார்த்ததும் வழக்கம்போல வரிசை விலகியது. "வாங்கக்கா, முன்னால போங்க," என்றது ஒரு குரல். அப்புறம்தான் கொண்டைக்கும் ஜாக்கெட்டுக்கும் நடுவில் கடலோ வானமோ தெரியாமல் ஒரு முகம் தெரிந்தது.

ஊருக்கு அவ்வளவு நாளும் வராத அதிர்ச்சி அன்றைக்கு வந்தது. தலையில்லாமல் ஒரு சேலை பத்து மாதம் நடமாடியபோது கண்ணைச் சிமிட்டாதவர்கள், அதற்குள் ஒரு ஆளைப் பார்த்ததும் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார்கள்.

"எங்கல அக்கா?" என்று லிங்கத்துரை கத்தினார். "அவியள என்னல பண்ணின?"

"உள்ளதான் இருக்காவ அண்ணாச்சி."

"அந்த நல்ல பொம்பளைக்குள்ள நீ ஏறி நிக்கியா? எறங்குல!"

மகளிர் குழுச் செயலாளர் புஷ்பக்கனி வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாமியாரைப் பற்றி அவள் வேஷத்தக்காவிடம் சொன்னவற்றில் முக்கால்வாசி, வரிசையில் அவளுக்கு நாலு ஆள் முன்னால் நிற்கிற மாமியாருக்குத் தெரியக் கூடாதவை. தவசிக்கனி அவளைப் பார்த்து, ஒன்றும் பயமில்லை என்று கண்ணை மூடித் திறந்தான். அதைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் உட்கார்ந்தார்கள்.

செல்வலதா வரிசையில் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கொஞ்ச நேரத்தில் லிங்கத்துரைக்குக் கோபம் இறங்கியது. அவர் கெட்டவர் இல்லை. ஒரு சங்கதி ஊர் ஒழுங்குக்குள் வந்துவிட்டால் போதும் அவருக்கு. அவர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"தவசி, ஒண்ணு சொல்லுதேன் கேளு. நேர்த்தின்னு சொல்லிரு. மாசம் முந்திப்போச்சு, பரவால்ல, சேத்துக்கலாம். பூசாரியக் கூப்பிட்டு இப்பமே ஒரு காப்பக் கட்டிருவோம். என்ன சீக்கு? சொல்லு."

வரிசை உயிர் பெற்றது. எல்லோருக்கும் அவன்மேல் அப்படி ஒரு பிரியம் வந்துவிட்டது.

"சுகர்னு சொல்லு, இப்பம் எல்லாருக்கும் இருக்கு."

"மோட்டார் எல்லாம் கருகுதுலா, நரம்புத் தளர்ச்சின்னு சொல்லட்டும்."

"இவன எதுக்கு இழுக்கிய? பொஞ்சாதிக்கு முடியலன்னு சொன்னாப் போதும். செல்வலதாவுக்கு இருதயம்னு சொல்லு. இருதயம் இதுவரைக்கும் வரல."

எல்லோரும் திரும்பிச் செல்வலதாவைப் பார்த்தார்கள். பதினாலு வருஷப் பழக்கத்தில் அவள் கை தானாகவே நெஞ்சுப் பக்கம் போயிற்று. ஒரு சொல் போதும். சொன்னால் காப்பு வரும், கும்பிடு வரும், தசராவில் இடம் வரும், ஊர் விபூதி வாங்கும். தவசிக்கனி அவள் கையைப் பார்த்தான்.

"அவளுக்கு ஒண்ணும் இல்ல," என்றான். கீச்சுக் குரல் இல்லை, பட்டறைக் குரலும் இல்லை, அவனுடைய குரல். "டைபாய்டு ஒண்ணுதான் நெசம். மிச்சம் எல்லாம் நான் சொன்ன பொய். தலைவலி இல்ல, கல்லு இல்ல, மூச்சிரைப்பு இல்ல. அவ கல்லு மாதிரி இருக்கா. எனக்கும் ஒரு சீக்கும் இல்ல."

"பின்ன எதுக்குல இது?"

"புடிச்சிருக்கு அண்ணாச்சி. இது நான்தான்."

நேர்த்திக்கு ஊரில் ஒரு முறை இருந்தது. ஆளில்லாத சேலைக்குக்கூட ஒரு முறை உண்டாகியிருந்தது. பிடித்திருக்கிறது என்பதற்கு என்ன முறை என்று லிங்கத்துரைக்குத் தெரியவில்லை, சுற்றியிருந்தவர்களுக்கும் தெரியவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, கடைக்காரர் அடுத்த ஆள் என்று கூப்பிட்டார், வரிசை கொஞ்சம் கொஞ்சமாக நகர ஆரம்பித்தது. சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருவன் துப்பினான். புஷ்பக்கனி மட்டும் எழுந்து வந்து, இவனைப் பார்க்காமல் செல்வலதாவைப் பார்த்து, "வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு ஆள் கொறையுமா மயினி?" என்றாள்.

"கொறையாது," என்றாள் செல்வலதா. "ஆனா இனிமே பதில் பேசுவாவ, பாத்துக்க."

அரிசி வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் வீட்டுக்குத் திரும்பினார்கள். கொடிக்கம்பத்துப் பக்கம் வந்ததும் அவள் நின்றாள்.

"அப்பம் எனக்கு ஒண்ணும் இல்லியா?"

"இல்லட்டி."

"அந்தக் கிறுகிறுப்பு?"

"அதுவும் இல்ல."

பதினாலு வருஷமாக ஊர் முன்னால் பையை இரண்டு கையாலும் பிடித்து, பத்தடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கியே நடந்தவள், இருபது கிலோ அரிசிப் பையைத் தூக்கித் தலைமேல் வைத்தாள். வைத்துவிட்டு, பையைப் பிடிக்காமலே, தெரு நடுவில், அவனுக்கு முன்னால் கைவீசி நடந்தாள்.